உலை அணையாத வரைக்கும்

அப்பா சாகும்போது வீட்டை மகனுக்கு எழுதிவைத்தார். பனி கொட்டும் அந்த வடகோடி ஆற்றங்கரை ஊர்களில் எல்லா அப்பாக்களும் அதைத்தான் செய்தார்கள். உருளைக்கிழங்கு நிலம் யாருக்குப் போகிறதோ, வீடும் அவனுக்கே. மகள் ஜெர்மேனுக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. வாய்ச்சொல்லாக ஒன்று இருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் அவளையும் மறுபக்கம் தம்பி கில்மனையும் நிற்கவைத்து, வீட்டைச் சூடாக்கும் நிலவறை உலையை அணையாமல் பார்த்துக்கொள்கிற வரைக்கும் ஜெர்மேன் இந்த வீட்டில் இருக்கலாம் என்று அப்பா சொன்னார். கில்மன் தலையை ஆட்டினான். அவன் தலையை ஆட்டியதை ஜெர்மேன் பார்த்தாள். சாட்சி என்று இருந்தது அம்மா மட்டும்தான்.

அப்பா அதைப் பாசத்தில் சொல்லவில்லை. வீட்டை நினைத்துச் சொன்னார். ஜனவரியில் ஒரு பகல் உலை நின்றால் போதும், குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்கும். பனி உருகும்போது தரை ஊறி, சுவர் உப்பி, வீடு வீடாக இருக்காது. ஆளில்லாத வீடுகள் அந்தச் சாலையில் நான்கைந்து அப்படிக் குந்தியிருந்தன. கில்மன் அதற்குள் சாலைக்கு எதிர்ப்புறம் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். பழைய வீட்டுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஜெர்மேன் இருந்தாள்.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அறுவடை விடுமுறையில் பிள்ளைகள் கிழங்கு பொறுக்கப் போகும்போது அவளும் கில்மனின் வயலில் கூடை தூக்கினாள். இருபத்தாறு வயதில் மாவு ஆலையில் வேலை பார்த்த ஒருவன் பெண் கேட்டு வந்தான். அப்பா அறுவடை முடியட்டும் என்றார். அறுவடை முடிந்ததும் அம்மா இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். மறு வருஷம் அவன் வேறு ஒருத்தியோடு தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஜெர்மேன் இதை யாரிடமும் சொல்லி அழுததில்லை. சொல்வதற்கு அதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

அப்பாவுக்குப் பிறகு அம்மா நெடுங்காலம் இருந்தாள். குளிக்க வைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது. கில்மன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மாவின் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்வான். காபி குடிப்பான். போகும்போது, நீ இருக்கிறதால எனக்குக் கவலையில்லை என்பான். ஒரு மே மாதம் அம்மா செத்தாள். அதற்கப்புறம் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் காபி நின்றுவிட்டது.

அதே வருஷம் அக்டோபரில் அவனாகவே வந்தான். டிராக்டரில் வைக்கோல் கட்டுகள் இருந்தன. குளிருக்கு முன்னால் வீட்டின் அடிச்சுவரைச் சுற்றிக் காற்று புகாமல் அணைகட்டுவது எல்லோரும் செய்வதுதான். ஜெர்மேன் வருஷா வருஷம் ஊசியிலைக் கிளைகளை வெட்டிவந்து அடுக்குவாள். மேலே பனி விழுந்தால் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும். கில்மன் அதைப் பார்த்துச் சிரித்தான். கிளை வைத்து அடைக்கிறது தாத்தா காலத்து வேலை என்றான். வைக்கோல் கட்டுகளைச் சுவரோடு நெருக்கி வைத்து, மேலே கறுப்புப் பிளாஸ்டிக் தாளை இழுத்து, மெல்லிய மரச்சட்டங்களை வைத்து ஆணி அடித்தான். அடிச்சுவரில் எங்கெங்கு விரிசல் தெரிந்ததோ அங்கெல்லாம் டப்பாவிலிருந்து நுரையைப் பீய்ச்சினான். நுரை உப்பிக் கல்லாக இறுகியது. முடித்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தான்.

"இனிமே ஒரு ஊசிக் காத்து நுழையாது, ஜெர்மேன். உலை பாதி நேரம் தூங்கும் பாரு."

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா போன பிறகு அவன் இந்த வீட்டில் ஒரு ஆணி அடிப்பான் என்று அவள் நினைத்திருக்கவில்லை. ப்ளோய் என்கிற மெல்லிய மாவுத் தோசை சுட்டுக் கொடுத்தாள். நின்றபடியே வெண்ணெய் தடவிச் சுருட்டித் தின்றுவிட்டுப் போனான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, சமையலறைத் தரையில் இருக்கும் இரும்புக் கம்பி வாய் வழியாக வெப்பம் மேலே வரவில்லை. ஜெர்மேன் நிலவறைக்கு இறங்கினாள். உலை பேசாமல் நின்றது. எண்ணெய்த் தொட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. உலையின் நெற்றியில் உள்ள சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினாள். மோட்டார் உறுமியது. எண்ணெய் பீய்ச்சும் ஓசை கேட்டது. தீ பற்றும்போது வரும் அந்த மெல்லிய உதறல் வந்தது. கொஞ்ச நேரம் எரிந்து, இருமி, நின்றது. பொத்தான் மறுபடி வெளியே வந்தது.

உலை பழுது பார்க்கிற ஒனேசிமைக் கூப்பிட்டாள். அவளோடு பள்ளியில் படித்தவன். பூட்ஸ் அழுக்கென்று சமையலறை வழியாக வரமாட்டான். வீட்டுக்கு வெளியிலிருந்து நிலவறைக்கு இறங்கும் சாய்வுக் கதவைத் திறந்துவைத்து, அதன் வழியாகக் குழாய், வாளி, தூசி உறிஞ்சும் பெட்டி என்று ஒவ்வொன்றாக இறக்குவான். வடிகட்டியை மாற்றினான். எண்ணெய் பீய்ச்சும் முனையை மாற்றினான். உலைக்குள் தீயைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் உண்டு. தீ தெரியவில்லை என்றால் அது எண்ணெயை நிறுத்திவிடும். அதை வெளியே எடுத்துக் காட்டினான். மை பூசியது போலக் கரி. துணியால் துடைத்தான். பொத்தானை அமுக்கினான். உலை பற்றி, சீராக எரிந்தது. அவன் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசி முடிக்கும் வரை எரிந்தது. அவன் சாமான்களை வெளியே ஏற்றி, கதவைச் சாத்தி, போனான்.

மறுநாள் பகலில் நின்றது.

அன்று ஒனேசிம் ஊரில் இல்லை. கில்மன் வந்தான். ஒனேசிம் போகும்போது ஒன்று சொல்லியிருந்தான்: பொத்தானை ஒரு தடவைக்கு மேல் அமுக்கக்கூடாது, ஒவ்வொரு அமுக்கலுக்கும் உள்ளே எண்ணெய் தேங்கும். ஜெர்மேன் அதைக் கில்மனிடம் சொன்னாள். கில்மன் தான் பிறந்ததிலிருந்து உலையைப் பார்த்துவருவதாகச் சொல்லிவிட்டு அமுக்கினான். பற்றவில்லை. மறுபடி அமுக்கினான். திட்டிக்கொண்டே அமுக்கினான். பிறகு பற்றியது. வீடு ஒரு முறை எகிறி உட்கார்ந்தது போல ஒரு ஓசை. புகைக்குழாய் மூட்டிலிருந்து கழன்று தொங்கியது. கம்பி வாய்கள் வழியாகக் கரி மேலே எழுந்து எல்லா அறைக்கும் போனது. திரைச்சீலை, தட்டு, மாவு டப்பா, அவள் தலையணை என்று எதையும் விடவில்லை. கில்மன் முகத்தில் கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. அவன் முதலில் சொன்னது, நீ எத்தனை தடவை அமுக்கினே என்பதுதான்.

வாரம் பூராவும் அவள் சுவர் துடைத்தாள். தேவாலயக் கூடத்தில் காபி நேரத்தில் கில்மன், ஜெர்மேன் வீட்டை ஆகாசத்துக்கு அனுப்பப் பார்த்தாள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். சனங்கள் சிரித்தார்கள். அவளும் அங்கேதான் காகிதத் தட்டோடு நின்றாள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

ஒனேசிம் திரும்ப வந்தான். கண்ணைத் துடைத்தான். பொறி தட்டும் கம்பிகளை மாற்றினான். எரிந்தது. போனான். நின்றது. மறுபடி வந்தான். எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று குழாயை வடித்தான். எரிந்தது. போனான். நின்றது.

"ஒவ்வொரு தடவையும் கண்ணுல கரி. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான் ஒனேசிம். "நான் இருந்தா நல்லா எரியுது. நான் என்ன பண்ண?"

கில்மன் இதைப் பிடித்துக்கொண்டான். "ஆளிருந்தா எரியுதாம், தனியா விட்டா அணையுதாம். பாவம், அதுக்கும் துணை வேணும். நீயாவது தனியாவே எரிஞ்சு விழுவே."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள முதியோர் குடியிருப்பில் ஒரு அறை காலியாக இருப்பதைச் சொன்னான். அங்கே உலையும் இல்லை, எண்ணெயும் இல்லை, சுவரில் ஒரு திருகைத் திருப்பினால் சூடு, அவ்வளவுதான் என்றான். அவள், எனக்கு இங்கே இடம் இருக்கிறது என்றாள்.

"இருக்கா? இன்னொரு தடவை நின்னா குழாயெல்லாம் வடிச்சிட்டு வீட்டைப் பூட்டிடுவேன். குழாய் வெடிச்சா போறது என் வீடு. அணையாம பாத்துக்கிற வரைக்கும்னுதானே அப்பா சொன்னாரு. நானா சொன்னேன்?"

அப்பாவின் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு சின்னச் சொல் என்று அவளுக்குத் தெரிந்தது.

அதன் பின் அவள் ஒனேசிமையும் கூப்பிடவில்லை, கில்மனிடமும் சொல்லவில்லை. உலை நின்றது. அவளே கண்ணைக் கழற்றித் துடைத்தாள். அமுக்கினாள், ஒரே ஒரு தடவை. எரிந்தது. நின்றது. மறுபடி துடைத்தாள். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சமைத்தாள். சமையலறைக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவைத்தாள், உறையாமல் இருக்க. சாலையில் கில்மனின் வண்டி வேகம் குறையும்போது கோட்டைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வழியாகத் தெரியும்படி சட்டையோடு நின்றாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு புயல் நாள். காலையில் உலை நின்றிருந்தது. நிலவறையில் கரி வாளி நிரம்பி வழிந்தது. அதை வெளியே கொட்டச் சாய்வுக் கதவைத் தோளால் முட்டித் திறந்தாள். பனி உள்ளே கொட்டியது. வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். கதவைச் சாத்தக் கையில் தெம்பில்லை. அப்படியே விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்து மாட்டிப் பொத்தானை அமுக்கினாள்.

தீ பற்றியது. உலையின் பக்கவாட்டில் உள்ள சின்ன மூடியைத் தூக்கிப் பார்த்தாள். தீ வெள்ளையாக, கூர்மையாக எரிந்தது. இவ்வளவு நாளும் அவள் பார்த்தது மஞ்சளும் புகையுமான ஒரு சோம்பல் தீ. நின்று பார்த்தாள். மூக்கில் பனி உறைந்தது. உலை எரிந்துகொண்டே இருந்தது. பிறகு படியேறி, கதவை இழுத்துச் சாத்தி, திரும்ப வந்து மூடியைத் தூக்கினாள். வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளானது. நுனியில் கரி சுருண்டது. கதவைத் திறந்தாள். வெள்ளை. சாத்தினாள். மஞ்சள்.

அவள் அங்கே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். ஒனேசிம் எப்போதும் அந்தக் கதவைத் திறந்துவைத்துத்தான் வேலை செய்தான். போகும்போது சாத்திக்கொண்டு போனான். துணை கேட்கவில்லை உலை. காற்று கேட்டது.

உலைக்குப் பின்னால் அடிச்சுவரில் ஒரு துவாரம் இருந்தது. அப்பா எண்ணெய் உலை வாங்கிய வருஷம் கல்லைக் குடைந்து ஒரு மண்குழாயைப் பதித்தார். கை போகும் அகலம். எலி வராமல் கம்பி வலை. ஜெர்மேன் தீக்குச்சியைக் கொளுத்தி அதன் முன்னால் பிடித்தாள். சுடர் நேராக நின்றது. அசையவில்லை.

வெளியே போனாள். இடுப்பளவு பனியைத் தோண்டினாள். கறுப்புத் தாளைக் கத்தியால் கிழித்தாள். உறைந்து கல்லாகியிருந்த வைக்கோல் கட்டைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினாள். மண்குழாயின் வாய் முழுக்க மஞ்சள் நுரை இறுகியிருந்தது. நன்றாக, சுத்தமாக, விளிம்பு தட்டாமல் அடைத்திருந்தான். கில்மன் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யமாட்டான். உளியை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தாள். கடைசித் துண்டு விழுந்ததும் குழாய் அவள் கையுறையைத் தன் பக்கம் இழுத்தது. வீடு மூச்சை உள்ளே இழுத்தது.

உடனே யாரிடமும் சொல்லவில்லை. ஜனவரியின் மிக மோசமான குளிர் வந்து போகும்வரை காத்திருந்தாள். உறைந்த மரங்கள் துப்பாக்கிச் சத்தத்தோடு வெடித்த காலைகளிலும் உலை நிற்கவில்லை. கண்ணைக் கழற்றிப் பார்த்தாள், கண்ணாடி கண்ணாடியாக இருந்தது. நன்றாகத் தூங்கினாள். கோட்டை ஆணியில் மாட்டினாள். ஒரு நாள் தனக்காக மட்டும் கோழிக் குழம்பு வைத்து, உருளைக்கிழங்கு போட்டு, இரண்டு தடவை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள்.

அவள் எதிர்பார்த்தது மன்னிப்பு இல்லை. கில்மன் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. தேவாலயக் கூடத்தில் கரிக் கதையைச் சொன்ன அதே வாயால், உலையை ஜெர்மேன் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒரு தடவை சொன்னால் போதும். அப்பாவின் சொல் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவனை வரச் சொன்னாள்.

நிலவறையில் அவன் குந்தி உட்கார்ந்து துவாரத்தின் முன்னால் உள்ளங்கையை வைத்தான்.

"காத்து வருது."

"வரணும். அதுக்குத்தான் அப்பா வெச்சது."

"நான்தான் அடைச்சேன்."

"ஆமா."

"நல்லதுக்குத்தானே அடைச்சேன்."

"தெரியும்" என்றாள். அது அவளுக்கு உண்மையாகவே தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் அவனைத் திட்டியிருக்கலாம்.

கில்மன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். உலை சீராக எரிகிற ஓசையைக் கொஞ்ச நேரம் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது. சந்தையில் நல்ல மாடு பிடித்தவனின் முகம்.

"நல்ல வேளை நீ கண்டுபிடிச்சே. ரெனோ பிள்ளைங்க சின்னதுங்க. அங்க தெற்கே இருந்துட்டு இந்தக் குளிர் தாங்காதுங்க."

ரெனோ அவனுடைய மகன். கனெக்டிகட்டில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான்.

"ரெனோ பிள்ளைங்களுக்கு இங்க என்ன?"

அப்போது அவன் சொன்னான். தொழிற்சாலையை மூடுகிறார்கள். ரெனோ குடும்பத்தோடு ஊருக்கே வருகிறான். ஏப்ரலில். இந்த வீடு சும்மாதானே இருக்கிறது. நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு ரெனோ வந்திருந்தபோதே பேசி முடித்ததுதான்.

அந்த விருந்தில் ஜெர்மேனும் இருந்தாள். பூசணிப் பை அவள் செய்து கொண்டுபோனது. பாத்திரங்களை அவள் கழுவிக்கொண்டிருந்தபோது கில்மனும் ரெனோவும் வெளியே வண்டியைப் பார்க்கப் போயிருந்தார்கள். அவள் நினைத்துப் பார்த்தாள். அது டிசம்பருக்கு முன்னால்.

"அப்போ உலை நல்லாத்தானே எரிஞ்சுது" என்றாள்.

கில்மன் புரியாமல் பார்த்தான். நிஜமாகவே புரியவில்லை அவனுக்கு.

"உலையப் பத்தி யாரு பேசறா, ஜெர்மேன்?"

"அணையாம பாத்துக்கிற வரைக்கும்னு அப்பா சொன்னாரு. நீயும் தலையாட்டினே."

"அப்பா எப்பவோ செத்துட்டாரு" என்றான் அவன், கொஞ்சம் கனிவாகவே. "சாகப்போற மனுஷன் முன்னால யாரு தலையாட்டாம இருப்பா?"

மேலே போகும் படியில் அவன் திரும்பி, பனியில் வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை, தாங்கள் ஒன்றும் மிருகங்கள் இல்லை, மண் இளகட்டும் என்றான்; முதியோர் குடியிருப்பில் அந்த அறைக்குத் தானே சொல்லி வைத்திருப்பதாகவும், சாமான்களைத் தன் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்குவதாகவும் சொன்னான். அடிச்சுவரைத் திரும்ப நல்லபடியாக அடைக்கவேண்டும், துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு, என்றான். சமையலறையில் காபி இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. அவள் ஊற்றிக் கொடுத்தாள்.

மிச்சக் குளிர்காலத்தில் உலை ஒரு தடவைகூட நிற்கவில்லை. முன்பெல்லாம் கீழே மோட்டார் உறுமும்போது அவள் கையிலிருப்பதை அப்படியே நிறுத்திவிட்டு, பற்றுமா என்று காது கொடுத்துக் கேட்பாள். இப்போதும் கேட்டாள். உறுமல், பீய்ச்சல், அந்த உதறல். ஒவ்வொரு தடவையும் பற்றியது. யாரோ குடியேறப்போகும் வீட்டை யாருக்கோ அது சுடவைத்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு முறை அவள் வெளியே போய்த் துவாரத்தின் வாயில் சேர்ந்த பனியைத் தள்ளினாள். ஏன் தள்ளுகிறோம் என்று யோசித்தபடி தள்ளினாள். தள்ளாமல் இருக்க அவளால் முடியவில்லை.

மார்ச்சில் கில்மன் தேவாலயக் கூடத்தில் சொன்னான். பழைய வீட்டு உலையைத் தானும் ஜெர்மேனும் சேர்ந்து சரிபண்ணிவிட்டதாகச் சொன்னான். ஒனேசிமாலேயே முடியாததை, என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெர்மேன் காகிதத் தட்டைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

ஏப்ரலில் ரெனோ வந்தான். சாலை சேறாக இருந்தது, ஆனால் காற்று இன்னும் கடித்தது. அவன் மனைவி பெட்டிகளை இறக்கினாள். சின்னப் பெண் ஷூவைக் கழற்றிவிட்டு நேராக ஓடிப்போய்ச் சமையலறைக் கம்பி வாயின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். சூடான காற்றில் அவள் முடி பறந்தது. எழுந்திரு என்று அவள் அம்மா அதட்டினாள். எழுந்திருக்கவில்லை. ஜெர்மேன் தன் கடைசிப் பெட்டியோடு அந்தக் குழந்தையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

ரெனோ பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நல்ல பையன்தான்.

"அத்தை, உலைக்கு எதாவது பாக்கணுமா? அப்பா சொன்னாரு, நீங்க அதைப் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டீங்கன்னு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

வண்டியில் கில்மன் இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை இறக்கி, என்ன தாமதம் என்று கேட்டான்.

"உங்கப்பாவைக் கேளு" என்றாள் ஜெர்மேன். "வீடு அவனோடது."

சேற்றில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்து போய் வண்டியில் ஏறினாள்.